தந்தையின் தோளிலிருந்து குழுவின் வரிசைக்கு: யூதத் திருத்தலப் பயணங்களில் இளையர்

முன்னுரை

திருத்தலப் பயணம் குறித்த வரலாற்றாய்வுகள் பெரும்பாலும் வளர்ந்தோரையே பயணிகளாகக் கருதுகின்றன. நேர்த்திக்கடன் செலுத்தச் செல்வோர், பாவம் நீங்க வேண்டிச் செல்வோர், முதுமையில் இறுதிக் கடமையாக எண்ணிச் செல்வோர் ஆகியோரே அவ்வாய்வுகளில் இடம்பெறுவர். பெற்றோருடன் சென்ற சிறுவரும் ஆசிரியருடன் சென்ற மாணவரும் அவற்றில் தனித்துப் பேசப்படுவது அரிது. ஆயினும் யூத சமயத்தின் நெடிய பயண மரபை உற்றுநோக்கின், அதன் திருப்புமுனைகள் பலவற்றில் இளம் வயதினர் ஒருவரோ ஒரு குழுவினரோ நிற்பதைக் காணலாம். இருபதாம் நூற்றாண்டில் இம்மரபின் முதன்மையான வடிவங்களுள் ஒன்றாகப் பதின்ம வயதினரின் குழுப்பயணம் வளர்ந்தது.

பண்டைய எருசலேம் ஆலயத்தின் காலம் தொடங்கி அண்மைக் காலம் வரை இவ்விளையர் பயணம் அடைந்த மாற்றங்களை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. குடும்பத்தின் கைப்பிடியில் நிகழ்ந்த ஒரு வழிபாட்டுக் கடமை, இயக்கங்களும் அரசும் பள்ளிகளும் நடத்தும் ஒரு கல்விச் செயலாக எவ்வாறு மாறியது, அம்மாற்றத்தால் தலத்தின் பொருளும் ஆசிரியரின் பொறுப்பும் எவ்வாறு மாறின என்பனவே இங்கு எழுப்பப்படும் வினாக்கள். இளையரைக் குழுவாக ஒரு தலத்திற்கு அழைத்துச் செல்பவர், அங்கு எதைச் சொல்ல வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்கிறார். அம்முடிவே அத்தலத்தின் வரலாறாக இளையர் மனத்தில் நிலைத்துவிடுகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

ஆலயக் காலம்: சிறுவன் யார்?

ஆண்டுக்கு மும்முறை ஆடவர் அனைவரும் இறைவன் திருமுன் தோன்ற வேண்டும் என்பது தோரா வகுத்த விதியாகும். பாஸ்கா, வாரங்களின் விழாவாகிய ஷவுவோத், கூடாரங்களின் விழாவாகிய சுக்கோத் என்பனவே அம்மூன்று வேளைகள். இப்பயணத்தை எபிரேயர் 'அலியா லெரெகெல்' என்றனர். 'அலியா' என்பது ஏறிச் செல்லுதலையும் 'ரெகெல்' என்பது காலையும் குறிக்கும். மலைநகராகிய எருசலேமுக்குக் காலால் நடந்து ஏறிச் செல்வதே பயணம் என்ற கருத்து இச்சொல்லிலேயே பொதிந்துள்ளது.

கி.பி. 200ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பின் 'ஹகிகா' பகுதி, இக்கடமை யாருக்கு உரியது, யாருக்கு விலக்கு என்பதைப் பேசுகிறது. நோயாளர், முதியோர், நடக்க இயலாதோர் முதலியோருடன் சிறுவரும் விலக்கப்பெற்றோர் பட்டியலில் இடம்பெறுகின்றனர். அவ்வாறாயின் சிறுவன் என்பவன் யார்? இவ்வினாவிற்கு அக்கால அறிஞர் மரபினர் இருவர் வெவ்வேறு விடை தந்தனர். தந்தையின் தோளில் அமர்ந்து எருசலேமிலிருந்து ஆலயக் குன்றுக்குச் செல்ல இயலாதவனே சிறுவன் என்பது ஷம்மாய் மரபினரின் கருத்து. தந்தையின் கையைப் பற்றிக்கொண்டு நடந்து ஏற இயலாதவனே சிறுவன் என்பது ஹில்லேல் மரபினரின் கருத்து. பயணத்தின் பெயரிலேயே கால் இருப்பதால் நடப்பவனுக்கே கடமை உண்டு என்பது பின்னவர் தரப்பின் வாதம்.

இவ்விரு விடைகளும் வயதை அளவுகோலாகக் கொள்ளவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. தோளாயினும் கையாயினும் தந்தைக்கும் மகனுக்கும் இடையிலான உடல்சார்ந்த உறவே அளவுகோல். இளையவன் தலத்தை அறிவது தன்னைப் பெற்றவரின் வழியாகவே என்பது இம்மரபின் அடிப்படை எனலாம்.

அக்காலத்தில் குடும்பங்கள் தனித்துச் செல்லவில்லை. ஊராரும் உறவினரும் கூட்டமாகவே சென்றனர். இதற்கு லூக்கா நற்செய்தியின் இரண்டாம் இயல் நல்லதோர் இலக்கியச் சான்று. பன்னிரண்டு வயதுச் சிறுவனாகிய இயேசுவைப் பெற்றோர் பாஸ்கா விழாவிற்கு எருசலேமுக்கு அழைத்துச் செல்கின்றனர். திரும்பும் வழியில் அவர் பயணக் கூட்டத்தில் எங்கேனும் இருப்பார் என்று எண்ணி ஒருநாள் தொலைவு சென்றுவிடுகின்றனர். பின்னர்த் தேடித் திரும்பியவர்கள், மூன்று நாள்களுக்குப் பின் அவரை ஆலயத்தில் போதகர் நடுவே காண்கின்றனர். அங்கே அவர் போதகர் கூறுவதைக் கேட்பவராகவும் அவர்களிடம் வினா எழுப்புபவராகவும் காட்டப்படுகிறார். இந்நிகழ்ச்சியின் சமயப் பொருள் ஒருபுறமிருக்க, மகன் ஒருநாள் முழுதும் கண்ணிற்படாவிடினும் பெற்றோர் அஞ்சாதிருக்கும் அளவிற்குக் கூட்டப் பயணம் இயல்பாக இருந்தமை இதனால் பெறப்படுகிறது.

தொல்லியலும் இப்பயண வாழ்வை உறுதிப்படுத்துகிறது. எருசலேமின் தாவீது நகர்ப் பகுதியில் 1913ஆம் ஆண்டு அகழாய்வு தொடங்கிய ரேமோன் வெய்ல் என்பார் கண்டெடுத்த தியோடோட்டஸ் கல்வெட்டு, கிரேக்க மொழியில் அமைந்தது. தோராவை வாசிப்பதற்கும் கட்டளைகளைக் கற்பிப்பதற்கும் ஒரு தொழுகைக்கூடம் எழுப்பப்பட்டதையும், வெளிநாட்டிலிருந்து வருவோர்க்குத் தங்கும் அறைகளும் நீர் வசதியும் அமைக்கப்பட்டதையும் அது தெரிவிக்கிறது. தங்குமிடமும் கல்விக்கூடமும் ஒரே கட்டடத்தில் அமைந்திருந்தமை, பயணமும் கற்றலும் தொடக்கத்திலிருந்தே இணைந்திருந்தமைக்குச் சான்றாகும்.

அழிவுக்குப் பின்

கி.பி. 70இல் உரோமப் படைத்தலைவன் தித்து எருசலேம் ஆலயத்தை அழித்தான். கி.பி. 132 முதல் 135 வரை நிகழ்ந்த பார் கோக்பா கிளர்ச்சிக்குப் பின் யூதர் அந்நகருக்குள் நுழைவதும் தடை செய்யப்பட்டது. பலியிட ஆலயம் இல்லாத நிலையில் பயணத்தின் நோக்கமே மாறியது. விழாக் கொண்டாடச் சென்றவர்கள் துக்கம் கொண்டாடச் செல்லலாயினர். கி.பி. 333இல் எருசலேமுக்கு வந்த போர்தோ நகரக் கிறித்தவப் பயணி ஒருவர், யூதர் ஆண்டுக்கொரு முறை அங்கு வந்து, துளையுள்ள ஒரு கல்லுக்கு எண்ணெய் பூசி, புலம்பி, ஆடைகளைக் கிழித்துக்கொண்டு திரும்பியதைக் குறித்து வைத்துள்ளார்.

இடைக்காலத்தில் பயணம் மேலும் அரிதாகவும் தனியரின் செயலாகவும் ஆயிற்று. ஸ்பெயின் நாட்டு எபிரேயக் கவிஞராகிய யூதா ஹலேவி, முதுமையின் வாயிலில் 1140இல் கடல்வழிப் புறப்பட்டு எகிப்தை அடைந்தார். அதே நூற்றாண்டின் பிற்பாதியில் துதேலாவைச் சேர்ந்த பெஞ்சமின் பல நாடுகளையும் கடந்து சென்று, தாம் கண்ட தலங்களையும் ஆங்காங்கு வாழ்ந்த யூதரின் தொகையையும் பதிவு செய்தார். இவ்வாறு சென்றவர்கள் வாழ்வில் முதிர்ந்த ஆடவர். நெடுந்தொலைவும் கொள்ளையர் அச்சமும் பெருஞ்செலவும் இளையரை விலக்கி வைத்தன. வெளிநாடுகளில் வாழ்ந்த யூத இளையர்க்கு எருசலேம் என்பது தொழுகை நூலிலும் பாஸ்கா இரவின் உரையிலும் கேட்டறியும் பெயராகவே பல நூற்றாண்டுகள் இருந்தது. அவ்விளையர் மீண்டும் தலத்தில் கால்பதித்தபோது தந்தையரின் இடத்தில் இயக்கத் தலைவர்கள் இருந்தனர்.

1929: ஓர் அணிவகுப்பும் அதன் பின்விளைவும்

மேற்குச் சுவர் எனப்படுவது ஆலயத்தின் சுவரன்று. ஏரோது மன்னன் காலத்தில் ஆலயக் குன்றை விரிவாக்கியபோது அதனைத் தாங்குவதற்கு எழுப்பிய மதில். ஆயினும் அழிந்த ஆலயத்தோடு அதற்குள்ள நெருக்கத்தால் யூதரின் தலையாய வழிபாட்டிடமாக அது விளங்கியது. அம்மதில் சூழ்ந்து நிற்கும் உயர்தளம், அல்-அக்ஸா பள்ளிவாசலும் பாறைக் குவிமாடமும் அமைந்த ஹராம் அஷ்-ஷரீஃப் என்னும் இஸ்லாமியத் திருத்தலமாகும். நபிகளாரின் விண்ணேற்றப் பயணத்தோடு தொடர்புடைய புராக் என்னும் பெயரால் முஸ்லிம்கள் இதே மதிலை அழைக்கின்றனர். 1967க்கு முன்னர் யூதர் நின்று தொழுத இடம் ஏறத்தாழ 28 மீட்டர் நீளமும் 4 மீட்டருக்கும் குறைந்த அகலமும் உடைய ஒரு சந்து மட்டுமே.

பிரித்தானிய ஆட்சியின்போது, இச்சந்தில் தடுப்புத் திரையிடலாமா, இருக்கைகள் வைக்கலாமா என்பன போன்ற சிறு வினாக்களும் பெரும் பூசல்களாயின. 1929 ஆகஸ்டு 15ஆம் நாள், ஆலய அழிவை நினைவுகூரும் துக்க நாளன்று, சில நூறு யூத இளையர் மேற்குச் சுவர் நோக்கி அணிவகுத்துச் சென்றனர். அங்குக் கொடி உயர்த்தி, தேசியப் பாடல் பாடினர். மறுநாள் வெள்ளிக்கிழமையன்று முஸ்லிம்கள் எதிர் ஊர்வலம் நடத்தினர். அதற்கடுத்த நாள், பந்து விளையாட்டின்போது எழுந்த சச்சரவில் பதினேழு வயது யூதச் சிறுவன் ஒருவன் கத்தியால் குத்தப்பட்டுப் பின்னர் இறந்தான். ஆகஸ்டு 23இல் வன்முறை வெடித்தது. ஒரு வார காலத்தில் யூதர் 133 பேரும் அரபியர் 116 பேரும் மாண்டனர். எப்ரோன் நகரில் மட்டும் யூதர் 67 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் சமயக் கல்லூரி மாணவர்களும் அடங்குவர். அந்நகரிலேயே அரபுக் குடும்பங்கள் பல, யூத அண்டை வீட்டாரைத் தம் இல்லங்களில் மறைத்துக் காத்ததும் வரலாறே.

நிகழ்ந்தவற்றை ஆராய்ந்த ஷா ஆணையம் 1930இல் தன் அறிக்கையை வெளியிட்டது. தாக்குதலைத் தொடங்கியவர் அரபியரே என்றும், அரசியல் அச்சமும் நில இழப்பு பற்றிய அச்சமுமே அடிப்படைக் காரணம் என்றும் அது கண்டது. அதே வேளையில், உடனடிக் காரணங்களாக அமைந்த நிகழ்ச்சிகளுள் முதன்மையானது ஆகஸ்டு 15 அணிவகுப்பே என்றும் அது குறிப்பிட்டது.

இவ்விளையர் தொழச் சென்றவராகவே தம்மைக் கருதியிருக்கக்கூடும். ஆனால், ஹில்லேல் மரபினர் கூறிய தந்தையின் கையைப் பற்றி அவர்கள் செல்லவில்லை. வரிசையாக நின்று, கொடியின் பின் சென்றனர். வழிபாட்டுப் பயணத்திற்கும் உரிமை முழக்கத்திற்கும் இடையிலான எல்லை, குழுப்பயணத்தில் எத்துணை எளிதாக அழிந்துவிடுகிறது என்பதற்கு இந்நிகழ்ச்சி ஒரு கடுமையான சான்றாகும்.

மசாதா: தலம் ஒன்று உருவான வரலாறு

பழைய தலமொன்றில் பூசல் எழுந்த கதை இதுவாயின், புதியதொரு தலத்தை இளையரின் கால்களே உருவாக்கிய கதை மசாதாவினுடையது. சாக்கடலின் மேற்குக் கரையில் செங்குத்தாக எழும் இம்மலைக்கோட்டையைப் பற்றிய வரலாற்று விவரங்கள் ஏறத்தாழ முழுவதும் முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜொசீபஸ் எழுதிய 'யூதப் போர்' என்னும் நூலிலிருந்தே கிடைக்கின்றன. எருசலேம் வீழ்ந்தபின் இக்கோட்டையில் தஞ்சம் புகுந்த கிளர்ச்சியாளர், உரோமப் படை மதிலை உடைத்தபோது சரணடையாமல் ஒருவரையொருவர் மாய்த்துக்கொண்டனர் என்றும், மாண்டோர் 960 பேர் என்றும், பெண்டிர் இருவரும் சிறார் ஐவரும் மட்டுமே உயிர் தப்பினர் என்றும் அவர் எழுதுகிறார். இந்நிகழ்ச்சியைக் கி.பி. 73 அல்லது 74இல் வைப்பர்.

ரபிமார் தொகுத்த மிஷ்னாவிலோ தல்மூதிலோ மசாதாவைப் பற்றிய குறிப்பே இல்லை. பல நூற்றாண்டுகளாக யூதர் எவரும் அங்கு வழிபடச் சென்றதில்லை. சமய மரபு மறந்துவிட்ட இவ்விடத்தை மீட்டெடுத்தது இருபதாம் நூற்றாண்டின் தேசிய உணர்வே. ஈசாக் லம்தான் 1927இல் வெளியிட்ட 'மசாதா' என்னும் நெடும்பாடல் இளையரிடையே பெருந்தாக்கத்தை ஏற்படுத்தியது. இளையர் இயக்கத்தினர் யூதேயப் பாலைநிலத்தைக் கடந்து மலையேறும் பயணங்களை மேற்கொள்ளலாயினர். ஷ்மாரியா குட்மன் என்பார் 1942 ஜனவரியில் இளையர் இயக்க வழிகாட்டிகள் 46 பேரை அங்கு அழைத்துச் சென்று பயிலரங்கு நடத்தினார். ஜெர்மானியப் படை வட ஆப்பிரிக்காவில் போரிட்டுக்கொண்டிருந்த காலம் அது. சிறு கூட்டத்தினர் பெரும்படையை எதிர்த்து நின்ற கதை, அவ்விளையர்க்குத் தம் கதையாகவே தோன்றியது வியப்பன்று.

யிகாயெல் யாதின் 1963 முதல் 1965 வரை இங்கு நடத்திய அகழாய்வில் பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான தன்னார்வலர் பங்கேற்றனர். அகழாய்வில் கிடைத்த எலும்புகள் 1969இல் இராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டன. அவை கிளர்ச்சியாளருடையனவா என்ற ஐயத்தை அறிஞர் பின்னர் எழுப்பினர். 2001இல் யுனெஸ்கோ மசாதாவை உலக மரபுத் தலமாக அறிவித்தது.

குழுக்களுக்குச் சொல்லப்பட்ட கதையில் விடுபட்டவற்றை 1995இல் வெளிவந்த இரு நூல்கள் விரிவாக எடுத்துக்காட்டின. யாயெல் செருபாவெல் எழுதிய 'மீட்டெடுத்த வேர்கள்', நாக்மன் பென்-யெஹூதா எழுதிய 'மசாதாப் புனைவு' என்பன அவை. மலையில் இருந்தோரை ஜொசீபஸ் சிக்காரி, அதாவது குறுவாள் ஏந்தியோர் என்று அழைக்கிறார். பாஸ்கா விழா இரவில் அவர்கள் அண்மையிலிருந்த என்-கெதி என்னும் யூதச் சிற்றூரைத் தாக்கி, பெண்டிரும் சிறாருமாக எழுநூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றனர் என்றும் அவர் எழுதுகிறார். ஒரே நூலாசிரியர் ஒரே நூலில் தரும் இரு செய்திகளுள் ஒன்று மலையுச்சியில் உரக்கச் சொல்லப்பட்டது. மற்றொன்று சொல்லப்படவே இல்லை. கடினமான ஏற்றமும் இருள் பிரியும் வேளையும் உச்சியிலிருந்து காணும் ஞாயிற்றின் எழுச்சியும் சேர்ந்து, சொல்லப்பட்டதை ஐயத்திற்கு அப்பாற்பட்டதாக்கின. களைத்த உடலும் நெகிழ்ந்த மனமும் வினா எழுப்புவதில்லை.

எப்ரோன்: ஒரே குகை, இரு வழிபாடுகள்

எப்ரோனிலுள்ள மக்பேலா குகை, ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகிய முதுதந்தையரும் அவர்தம் துணைவியராகிய சாராள், ரெபேக்காள், லேயாள் ஆகியோரும் அடக்கம் செய்யப்பட்ட இடமாகப் போற்றப்படுவது. முஸ்லிம்களுக்கு அது இப்ராகிமி பள்ளிவாசல். ஏரோதுவின் காலத்துப் பெருங்கற்களால் ஆன சுற்றுமதிலுக்குள், பிற்காலத்தில் தேவாலயமாகவும் பள்ளிவாசலாகவும் அமைந்த கட்டடம் உள்ளது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மம்லுக் சுல்தான் பைபர்ஸ் காலத்தில் யூதரும் கிறித்தவரும் உள்ளே செல்வது தடைப்பட்டது. வெளிப்புறப் படிக்கட்டின் ஏழாம் படி வரையே யூதர் ஏறலாம் என்ற வழக்கம் 1967 வரை நீடித்தது.

1967 போருக்குப் பின் இக்குகையின் அடிப்பகுதியை அறிய விரும்பிய இஸ்ரேலிய அமைச்சர் மோஷே தயான், 1968இல் ஒரு வழியைக் கையாண்டார். தளத்திலிருந்த துளை ஏறத்தாழ 28 சென்டிமீட்டர் விட்டமே உடையதாதலால், மெலிந்த உடலுடைய சிறுமி ஒருத்தியைக் கயிற்றில் கட்டி இரவில் கீழே இறக்கினர். அவள் விளக்குடன் இறங்கி, அறையையும் இடைவழியையும் படிகளையும் அளந்து, படமெடுத்து, வரைந்து வந்தாள். வளர்ந்தோர் நுழைய இயலாத தலத்தினுள் அவர்களின் ஆவலைச் சுமந்து சென்றவள் பதின்ம வயதின் தொடக்கத்திலிருந்த ஒரு பெண். அவளுடைய துணிவு பாராட்டத்தக்கதாயினும், இருளுக்குள் யாரை இறக்குவது என்ற முடிவு அவளுடையதன்று என்பதும் எண்ணத்தக்கது.

1994 பிப்ரவரி 25இல் பாருக் கோல்ட்ஸ்டைன் என்னும் யூதக் குடியேறி, அங்குத் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் 29 பேரைச் சுட்டுக் கொன்றான். அதன்பின் கட்டடம் இரு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஆண்டில் பத்து நாள்கள் முழுக் கட்டடமும் யூதர்க்கும், பத்து நாள்கள் முஸ்லிம்களுக்கும் என்ற ஏற்பாடும் செய்யப்பட்டது. எப்ரோனின் பழைய நகரை 2017இல் யுனெஸ்கோ பாலஸ்தீனத்தின் உலக மரபுத் தலமாகப் பதிவு செய்தபோது எழுந்த எதிர்ப்பு, பெயரிடுவதே இங்குப் பூசலாகும் என்பதை உணர்த்தியது.

இத்தகைய இடத்திற்கு இஸ்ரேலியப் பள்ளி மாணவரை அழைத்துச் செல்லும் திட்டத்தை 2011இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சர் கிதியோன் சாஅர் அறிவித்தார். தம் மரபின் வேர்களை மாணவர் நேரில் காண வேண்டும் என்பது திட்டத்தின் நோக்கமாகக் கூறப்பட்டது. மறு ஆண்டில் ஆசிரியர் பலர், தம் மனச்சான்று இதற்கு இடந்தரவில்லை என்று கூட்டாகக் கடிதம் எழுதினர். மாணவர் காணும் தெருக்களில் பாலஸ்தீனர் நடமாட்டம் ஏன் தடை செய்யப்பட்டுள்ளது என்பதைச் சொல்லாமல் முதுதந்தையரின் கல்லறையை மட்டும் காட்டுவது கல்வியாகாது என்பது எதிர்ப்பாளரின் வாதம். முதுதந்தையரை அறியாத மாணவன் தன் வரலாற்றையே அறியாதவன் என்பது ஆதரவாளரின் வாதம். இரு தரப்பினரும் தலம் மாணவர் மனத்தை உருவாக்கும் ஆற்றலுடையது என்பதில் உடன்படுகின்றனர். எனவேதான் அவர்களின் வேறுபாடு கூர்மையாகிறது.

போலந்து: கல்லறைகளைத் தேடி

இளையர் குழுப்பயணத்தின் மற்றொரு பெரும் வழித்தடம் போலந்து நாட்டில் அமைந்தது. உயிர் வாழ்வோரின் ஊர்வலம் எனப் பொருள்படும் பெயருடைய பன்னாட்டு நிகழ்ச்சி 1988இல் தொடங்கியது. இதில் பல நாட்டு யூத இளையர், பேரழிப்பு நினைவு நாளன்று ஆஷ்விட்சிலிருந்து பிர்கெனாவு வரை ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவு நடந்து, பின்னர் இஸ்ரேலுக்குச் செல்கின்றனர். சாம்பலிலிருந்து நாட்டிற்கு என்ற கருத்தைப் பயணத்தின் வரைபடமே கற்பிக்கிறது.

மரபு வழுவாச் சமயப் பள்ளிகளின் மாணவியர் மேற்கொள்ளும் பயணங்கள் சற்று வேறுபட்டவை. அழிவின் இடங்களோடு வாழ்வின் இடங்களையும் அவை நாடுகின்றன. லிழென்ஸ்க் எலிமெலேக் முதலிய ஹசிதிய ஞானியரின் சமாதிகளும், 1572இல் மறைந்த சட்ட அறிஞர் மோசே இஸ்ஸெர்லஸின் கல்லறை அமைந்த கிராக்கோவ் நகரின் ரெமு கல்லறைத் தோட்டமும் அவற்றுள் சில. கிராக்கோவில் தையற்கலைஞராக வாழ்ந்த சாரா ஷெனிரர், 1917இல் சிறுமியர்க்கென ஒரு சமயப் பள்ளியைத் தொடங்கினார். அது பேய்ஸ் யாக்கோவ் என்னும் பெரும் கல்வி இயக்கமாக வளர்ந்தது. 1935இல் அவர் மறைந்தபின் அவரை அடக்கம் செய்த இடத்தின் மீதே 1942இல் பிளாஷோவ் வதைமுகாம் எழுந்தது. பிற்காலத்தில் மீண்டும் எழுப்பப்பட்ட அவரது நினைவுக்கல்லின் முன் மாணவியர் நின்று தொழுகின்றனர். மிஷ்னாவின் பயண விதி ஆடவரையே நோக்கியது. இங்கோ, பெண்மக்கள் தம் கல்விக்கு வித்திட்ட பெண்மணியின் கல்லறையைத் தலமாக்கியுள்ளனர். விதி அளிக்காத இடத்தை வரலாறு அளித்துள்ளது எனலாம்.

இஸ்ரேலியப் பள்ளிக் குழுக்களின் போலந்துப் பயணத்தை நேரில் ஆராய்ந்த மானிடவியலாளர் ஜாக்கி ஃபெல்ட்மன் 2008இல் வெளியிட்ட நூலில், காவலர் சூழ, பேருந்திலும் விடுதியிலும் அடைந்து, உள்ளூர் மக்களோடு உரையாடாமலேயே மாணவர் திரும்புவதைச் சுட்டிக்காட்டினார். இப்பயணங்களில் எவை கற்பிக்கப்பட வேண்டும், ஆயுதம் தாங்கிய காவலர் வேண்டுமா என்பன பற்றி இரு அரசுகளுக்குமிடையே எழுந்த பிணக்கால் 2022இல் அரசுசார் பயணங்கள் நிறுத்தப்பட்டன. 2023இல் ஏற்பட்ட உடன்பாட்டில் போலந்து முன்மொழிந்த இடங்கள் சிலவற்றை இஸ்ரேலிய வரலாற்றறிஞர் கண்டித்தனர். பயணத் திட்டத்தின் பட்டியலும் அரசியல் ஆவணமே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

நினைவும் வரலாறும்

பிரெஞ்சுச் சமூகவியலாளர் மோரிஸ் ஹல்ப்வாக்ஸ், திருநாட்டின் நற்செய்தித் தலங்களைப் பற்றி 1941இல் வெளியிட்ட நூலில், குழுக்கள் தம் நம்பிக்கைகளை நிலத்தின் மீது பதித்து வைப்பதாலேயே தலங்கள் உருவாகின்றன என்று காட்டினார். யூத வரலாற்றறிஞர் யோசேஃப் ஹயீம் யெருஷல்மி 1982இல் வெளியிட்ட 'சகோர்' என்னும் நூலில், நினைவில் கொள்க என்னும் கட்டளை வேறு, வரலாறெழுதுதல் வேறு என்று வேறுபடுத்தினார். நினைவு தெரிவு செய்கிறது, வேண்டியதைப் போற்றுகிறது. வரலாறோ, மறக்கப்பட்டதையும் விரும்பப்படாததையும் சேர்த்தே கேட்கிறது.

தந்தையின் கையைப் பற்றிச் சென்ற சிறுவன் நினைவைப் பெறச் சென்றான். அதில் குறை காண்பதற்கில்லை. எந்தச் சமயத்தாரும் தம் பிள்ளைகளுக்குத் தம் நினைவைக் கையளிக்கும் உரிமை உடையவரே. இக்காலக் குழுப்பயணம் அந்நினைவைக் கல்வி என்ற பெயரில் தருகிறது. பாடத்திட்டமும் ஆசிரியரும் உடன்செல்கின்றனர். அந்நிலையில் வரலாற்றின் நெறியும் உடன்செல்லுதல் இன்றியமையாததாகிறது. ஆற்றுப்படை இலக்கியத்தில் வழிகாட்டுபவன் தான் பெற்ற பரிசிலைக் கூறுவதோடு நில்லாமல் வழியிடை உள்ள இடர்களையும் உரைக்கக் காண்கிறோம். பயண ஆசிரியரிடம் எதிர்பார்க்கப்படுவதும் அதுவே.

1967 ஜூன் 10, 11 ஆகிய நாள்களின் இடைப்பட்ட இரவில், மேற்குச் சுவர் முன்னிருந்த மக்ரிபிக் குடியிருப்பின் 135 அளவிலான வீடுகள் இடிக்கப்பட்டே இன்றைய பெருஞ்சதுக்கம் உருவானது. சலாகுத்தீனின் மகன் அல்-அஃப்தல் 1193இல் ஏற்படுத்திய குடியிருப்பு அது. 1949ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கை வழிவகை கூறியிருந்தும், 1967 வரை இஸ்ரேலிய யூதர் அச்சுவரை அணுக இயலாதிருந்ததும் உண்மையே. சதுக்கத்தில் நிற்கும் மாணவனுக்கு இவ்விரண்டில் ஒன்றை மட்டும் கூறுபவர் பொய் கூறுபவரல்லர். ஆயினும் அவர் வரலாறு கூறுபவரும் அல்லர்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, யூத மரபில் இளையரின் திருத்தலப் பயணம் குடும்பத்தின் பொறுப்பிலிருந்து நிறுவனங்களின் பொறுப்பிற்கு மாறியது. இரண்டாவதாக, அம்மாற்றத்தால் பயணம் பல்லாயிரவர்க்கு எட்டக்கூடியதாயிற்று. முன்னர் விலக்கப்பட்டிருந்த பெண்மக்களுக்கும் உரியதாயிற்று. மூன்றாவதாக, அதே மாற்றம் தலத்தின் பன்முக வரலாற்றை ஒருமுகக் கதையாகச் சுருக்கும் வாய்ப்பையும் பெருக்கியது. 1929இன் அணிவகுப்பும், மசாதாவில் விடுபட்ட என்-கெதியும், எப்ரோன் பற்றிய ஆசிரியர் கடிதமும் இதனையே வெவ்வேறு வகையில் காட்டுகின்றன.

மாணவரை வரலாற்றிடங்களுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர் எந்நாட்டினராயினும் இவ்வரலாற்றிலிருந்து பெறத்தக்கது ஒன்றுண்டு. புறப்படுமுன், இவ்விடத்தைத் தம்முடையது என்று கருதுவோர் வேறு யார், அவர்கள் இதனை எப்பெயரால் அழைக்கின்றனர், நாம் சொல்லும் கதைக்குச் சான்று தரும் நூலே சொல்லும் வேறு செய்தி யாது என்ற மூன்று வினாக்களை மாணவர் கையில் கொடுத்தனுப்பலாம். அவ்வினாக்களுக்கு விடை தேடும் பொருட்டு ஒரு மாணவர் வரிசையிலிருந்து சற்றுப் பின்தங்கினால், ஆசிரியர் அவருக்காகக் காத்திருப்பதே முறை. லூக்காவின் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஆலயத்தில் அமர்ந்து வினவ முடிந்ததும் கூட்டத்தோடு திரும்பாமையினால்தானே.